நாத்தனாரை ஏற்றும் கவுன்டர் அக்கா

பல் மருத்துவமனையின் உள்ளறையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கவுன்டர் அக்காவின் வலது கை மவுஸுக்குப் போகிறது. கண் மட்டும் எதிர் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல். டாக்டரம்மா சிகிச்சை நாற்காலியைச் சாய்க்கும் கிறீச், விளக்கைக் கீழே இழுக்கும் கடக், பேசினில் தண்ணீர் விழும் சளசளப்பு. இதற்கு அடுத்து என்ன வரும் என்று அக்காவுக்குத் தெரியும். அது வருவதற்கு ஒரு மூச்சு முன்னால், கணினித் திரையின் மூலையில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு குமிழை மேலே தள்ளுகிறார். ஓடிக்கொண்டிருந்த பாட்டில் வயலின் சட்டென்று கூர்மையாகிறது. அதே நொடியில் உள்ளே டிரில் கிளம்புகிறது. நாற்காலிகளில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒருவர் காலால் தாளம்கூடப் போடுகிறார்.

"நாத்தனாரை ஏத்தியாச்சு. இனி ஒண்ணும் கேக்காது" என்கிறார் அக்கா, யாரையும் பார்க்காமல்.

அந்தச் சின்னப் பெட்டியின் பெயர் ஈக்வலைசர். பாட்டுப் போடும் மென்பொருளோடு கூடவே வந்தது. பத்துக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் மேலும் கீழும் நகரும் ஒரு குமிழ். இடது ஓரம் பாட்டின் அடித்தொண்டை, வலது ஓரம் கீச்சுக்குரல். கோடுகளுக்குக் கீழே என்னவோ எண்கள் இருக்கின்றன; அக்கா அவற்றைச் சட்டை செய்ததில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு கூட்டுக் குடும்பம். இடது கோடியில் மாமனார். உறுமினால் சுவர் அதிரும், என்ன சொன்னார் என்பது மட்டும் ஒருவருக்கும் விளங்காது. அவருக்குப் பக்கத்தில் பெரியப்பா, அதே ரகம், கொஞ்சம் பரவாயில்லை. அடுத்து இரண்டு மச்சான்கள். ஐந்தாவது, வீட்டுக்காரர். "ஏத்தினாலும் தெரியாது, இறக்கினாலும் தெரியாது. இருக்கட்டும்னு விட்டுருவேன்." அவருக்கு வலப்பக்கம் வரிசையாக மாமியார், அண்ணி, நாத்தனார். கடைசி இரண்டும் வாண்டுகள். "அதுங்க கத்துறது நாய்க்கும் பூனைக்கும்தான் கேக்கும்."

பல் குடையும் டிரில்லின் சத்தம் சரியாக நாத்தனார் குடியிருக்கும் இடத்தில் வந்து விழுகிறது. ஆகவே டிரில் ஓடும்போதெல்லாம் பாட்டில் நாத்தனாரை உசுப்பிவிட வேண்டும். ஒரு கீச்சை இன்னொரு கீச்சுதான் விழுங்கும் என்பது அக்காவின் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் ஒரே நாளில் பிறக்கவில்லை. காத்திருக்கும் அறைக்கும் சிகிச்சை அறைக்கும் நடுவே இருப்பது பலகைத் தடுப்பு. அது கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக டிரில்லின் சத்தம் ஏறிக் குதித்து வந்து, வரிசையில் இருப்பவர்களின் காதில் உட்காரும். அந்தக் காலத்தில் "பாத்ரூம் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டுப் போனவர்கள் அப்படியே படியிறங்கிப் போய்விடுவார்கள். கதவை உடைக்கும் உடம்புள்ள ஒருவர் செருப்பைக்கூட மறந்து ஓடினார். அது வாசலில் அனாதையாக வெகுநாள் கிடந்தது.

அக்கா முதலில் செய்தது, எல்லாரும் செய்வதைத்தான். பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். தடுப்புக்கு மேலாக டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"அக்கா, நான் இங்க பல்லு பாக்குறேனா, கச்சேரி நடத்துறேனா?"

சத்தத்தைக் குறைத்துவிட்டு, இந்தப் பெட்டியைத் திறந்து பத்துக் குமிழ்களையும் உச்சிக்கு ஏற்றினார். ஸ்பீக்கர் கிழிந்த துணியைப் போல் படபடத்தது. கணினி பழுது பார்க்க வந்தவர் திரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாரையும் மேல ஏத்தி விட்டா கத்தத்தாங்க செய்யும். ஒருத்தர் குரல் எடுபடணும்னா மத்தவங்களைக் கீழ இறக்குங்க. அவரைத் தொடவே வேணாம், தானா மேல தெரிவாரு."

"எங்க வீட்டுல அது நடக்காதுங்க."

"இங்க நடக்கும். இறக்கிப் பாருங்க."

இறக்கிப் பார்த்தார். மாமனாரும் பெரியப்பாவும் மச்சான்களும் வாயை மூடிக்கொண்டதும், ஒரு நூல் அளவு ஏற்றியதற்கே நாத்தனார் கணீரென்று பேசினார். ஸ்பீக்கர் படபடக்கவில்லை, டாக்டரம்மாவும் சத்தம் போடவில்லை. குடும்பப் பெயர்கள் அன்றைக்குத்தான் சூட்டப்பட்டன.

அதற்குப் பிறகு அக்கா நிபுணரே ஆகிவிட்டார். டிரில்லில் இரண்டு வகை உண்டு என்று கண்டுபிடித்தார். ஒன்று வேகமாகச் சுற்றிக் கீச்சிடுவது, அதற்கு 'ஊசி' என்று பெயர். மற்றது மெதுவாகச் சுற்றிக் குடைவது, அது 'வண்டு'. வண்டுக்கு நாத்தனார் உதவமாட்டார், மச்சான்களைக் கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாகக் குமிழ்களை அமைத்து, அந்தந்தப் பெயரிலேயே கணினியில் சேமித்து வைத்திருக்கிறார். ஒரு சொடுக்கில் குடும்பமே இடம் மாறி உட்காரும். பாட்டுக்கும் சட்டதிட்டம் உண்டு. சோகப் பாட்டு கிடையாது. "உள்ள போறவங்க முகத்துல ஏற்கனவே அதுதான் ஓடுது." நடுநடுவே நிறுத்தி நிதானமாகப் பாடும் பாட்டும் கிடையாது. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் டிரில் உள்ளே நுழைந்துவிடும்.

காதுக்கு இப்படிப் பயிற்சி ஆகிவிட்டதால் வெளியிலும் அது சும்மா இருப்பதில்லை. பஸ் பிரேக் போட்டால், "அண்ணி" என்பார். வீட்டில் குளிர்பெட்டி முனகினால், "பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்பார். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் சிரிப்பதை நிறுத்திப் பல நாள் ஆகிறது.

வரிசையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அக்கா பாட்டோடு சேர்த்து ஒரு வாசகமும் தருவார். "ஒண்ணும் இல்லைங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, சொந்த அனுபவத்தைச் சொல்வதுபோல் சொல்வார். ஜனங்கள் நம்பினார்கள். டாக்டரம்மாவின் சான்றிதழைவிட இந்த ஒரு வரியை நம்பி உள்ளே போனவர்கள் அதிகம்.

அக்கா அந்த நாற்காலியில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை என்பது யாருக்கும் தெரியாது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சில மாதங்களுக்கு முன்பு, பழச்சாற்றில் கிடந்த ஐஸ் கட்டியை வீம்புக்குக் கடித்ததில் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு ஓரம் பெயர்ந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து நாக்குக்கு வேறு வேலை இல்லை. பில் போடும்போதும் போன் பேசும்போதும் அது அந்தக் குழியைப் போய்ப் போய்த் தடவிவிட்டு வரும். குழி வளர்ந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் காது வரை ஒரு மின்னல் ஓடியது. தேநீரை வலது பக்கமாகவே சாய்த்துக் குடிக்கக் கற்றுக்கொண்டார்.

தள்ளிப்போட்டவர்கள் என்ன ஆவார்கள் என்பது அந்த ஊர் முழுக்கத் தேடினாலும் அக்கா அளவுக்கு இன்னொருவருக்குத் தெரியாது. அடைத்துக்கொண்டு போகவேண்டிய பல்லைப் பஞ்சில் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அவர்தான் கதவு திறந்துவிட்டவர். இருந்தும் கால் அந்தப் பக்கம் போகவில்லை. பயம் ஒரு பங்கு என்றால் மானம் இரண்டு பங்கு. எறும்பு கடிச்ச மாதிரி என்று ஊருக்கே சொன்ன வாய், நாற்காலியில் படுத்து 'ஐயோ' என்று கத்தினால் தடுப்புக்கு மேலாக வரிசை முழுக்கக் கேட்குமே. அப்புறம் அந்த வாசகத்தை யார் வாங்குவார்கள்?

வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை.

"என்ன, வாயில ஒரு பக்கத்துக்கு லீவு விட்டுட்டியா?" என்றார் வீட்டுக்காரர், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து.

"நீங்க உங்க தட்டைப் பாருங்க."

"ஹோட்டல்ல வேலை பாத்துக்கிட்டே பட்டினி கிடக்க உன்னாலதான் முடியும்."

"லிஃப்ட் வேலை பாக்குறவரு படியேறி வரலையா? அது மாதிரிதான்."

"நம்ம வீட்டுல லிஃப்ட் இல்லடி. உனக்கு டாக்டர் பக்கத்து அறையில இருக்காங்க."

அக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போனார். அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

குட்டு உடைந்தது ஒரு மதிய வேளையில். சாப்பாட்டு இடைவேளை முடிந்து இன்னும் யாரும் வரவில்லை. நாற்காலிகள் காலி, சிகிச்சை அறையும் காலி. டாக்டரம்மா டிரில்லுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கக் கால் பெடலை அழுத்தினார். டிரில் கீச்சிட்டது. வெளியே மெல்லப் பாடிக்கொண்டிருந்த பெண் குரல் சட்டென்று கூர்மையாகி எழுந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தார். டிரில் நின்றது. ஓரிரு நொடியில் வெளியே குரலும் பணிந்து பழையபடி இழைந்தது.

டாக்டரம்மா கையிலிருந்த டிரில்லைப் பார்த்தார். மறுபடி பெடலை அழுத்தினார். குரல் எழுந்தது. விட்டார். பணிந்தது. வேண்டுமென்றே தட்டித் தட்டி அழுத்தினார். வெளியே பாட்டு பாவம், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் விக்கியது. மவுஸ் டக்டக்கென்று அடித்துக்கொள்ளும் சத்தமும் தடுப்புக்கு மேலாகத் தெளிவாகவே வந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்தார். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். கவுன்டருக்குப் பின்னால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அக்கா.

"இங்க ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்கு அக்கா இந்தப் பாட்டு?"

"பழக்கதோஷம், டாக்டர்."

"சரி. வாயத் திறங்க."

"எதுக்கு?"

"ரொம்ப நாளா நீங்க டீ குடிக்கிற அழகைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். திறங்க."

"கவுன்டரை யாரு பாத்துக்குவாங்க?"

"கவுன்டர் எங்கயும் ஓடிப்போகாது. நீங்கதான் ஓடுவீங்க. வாங்க உள்ள."

அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை மாற்ற ஆள் அனுப்பியது அக்கா, அதன் மோட்டாருக்குச் சண்டை போட்டு உதிரிபாகம் வாங்கியது அக்கா. அதில் சாய்ந்தபோது கூரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்த டாக்டரம்மா படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பிடுங்கணுமா, டாக்டர்?"

"பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்னு நினைச்சேன். சொத்தை நரம்புக்கு ஒரு நூல் முன்னாடி நின்னுருக்கு. அடைச்சுடலாம். தப்பிச்சீங்க."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். பாதி பாரம் அங்கேயே இறங்கியது. மீதிப் பாதி, மரத்துப்போகப் போடும் மருந்து ஊசியோடு வந்தது.

ஈறில் குத்தி எடுத்த பிறகு டாக்டரம்மா கேட்டார்: "எறும்பு கடிச்ச மாதிரிதானே?"

"தேள்" என்றார் அக்கா.

தாடை மெல்ல உறைந்தது. உதடு தடித்து, யாருடையதோ போல் ஆனது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அக்கா நியாயமாகத் திருத்திக்கொண்டார்: "தேள் இல்ல, டாக்டர். கட்டெறும்பு."

வாயைத் திறந்தபின் பேச வழியில்லை. டிரில் நெருங்கியது. அக்காவின் வலது கை விரல்கள் தாமாகவே நாற்காலிக் கைப்பிடியை மேல் நோக்கித் தள்ளின. வெளியே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றால் தடுப்புக்கு மேலாக எல்லாம் கேட்கும்; ஆனால் இங்கே தாழப் படுத்திருக்கும் காதுக்கு அதில் மாமனாரும் பெரியப்பாவும் மட்டும்தான் எட்டினார்கள். காத்திருப்பவர்களின் நாற்காலிகளைப் பார்த்துத் திருப்பி வைத்த ஸ்பீக்கர். வலது பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமாக இங்கே படுத்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் பக்கத்து அறையில் யாரோ ஒரு பெரியவர் முணுமுணுப்பது மட்டும்தான். தன் சாமர்த்தியம் எல்லாம் கதவுக்கு வெளியோடு சரி என்பது அக்காவுக்கு உறைத்தது.

டாக்டரம்மா அந்த விரல்களைக் கவனித்துவிட்டார்.

"அங்க ஏத்துறதுக்கு ஒண்ணும் இல்ல அக்கா. இதையே கேளுங்க. நீங்கதான் சத்தத்துல கில்லாடியாச்சே. சொத்தையில ஓடுறப்ப மந்தமா கேக்கும். நல்ல பல்லைத் தொட்டதும் தெளிஞ்சுடும். தெளிஞ்சுதுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

முதலில் 'ஊசி' டிரில். அது உடைந்த ஓரத்தைச் சீவிவிட்டு நின்றது. பிறகு வண்டு இறங்கியது. மண்டைக்குள்ளேயே குடைவதுபோல் இருந்தாலும் வலி என்று ஒன்றும் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்த அக்கா, அது வராததால் வேறு வழியில்லாமல் கேட்கத் தொடங்கினார். ஈர மரத்தில் ரம்பம் ஓடுவதுபோல் ஒரு மந்தமான ஒலி. இவ்வளவு நாளும் மறைக்கத்தான் கேட்டிருக்கிறார். என்ன சொல்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மச்சான்கள் இருவரும் தொண்டை கட்டிப் பேசுவதுபோல் இருந்தது. சட்டென்று அதில் ஒரு கணீர். அக்கா ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

டாக்டரம்மா நிறுத்தி, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "இன்னும் இல்ல அக்கா. ஓரத்துல ஒரு கள்ளன் ஒளிஞ்சிருக்கான். அவசரப்படாதீங்க."

மறுபடி மந்தமான ஒலி. அக்காவின் நெற்றி சுருங்கியது, பயத்தில் அல்ல, கவனத்தில். ஓரத்துக்கு ஓரம் ஒலி மாறுவது தெரிந்தது. கள்ளன் இருந்த இடம் தெரிந்தது. அவன் கிளம்பிப் போனதும் தெரிந்தது. பிறகு வந்த ஒலியில் சுற்றுமுற்றும் எங்கே தொட்டாலும் ஒரே தெளிவு. இந்தத் தடவை அக்கா விரலை எடுக்கவில்லை. டாக்டரம்மா தானாகவே நிறுத்தினார்.

குழியைக் கழுவி, உலர்த்தி, வெள்ளைப் பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்கி, கடித்துப் பார்க்கச் சொல்லி, உயரம் சரிசெய்து, நாற்காலியை நிமிர்த்தியபோது அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இவ்ளோதானா?" என்றார் அக்கா குழறலாக.

"இதைத்தானே நீங்க ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புறீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதி வாய்தான் சிரித்தது. கொப்பளித்த தண்ணீர் மரத்த உதட்டின் ஓரமாகக் கழுத்துக்கு ஓடியது, அதற்கும் சிரித்தார். கண்ணிலும் தண்ணீர் வந்தது. நாக்கு பழைய ஞாபகத்தில் குழியைத் தேடிப் போய், வழுவழுப்பான சுவரில் முட்டிக்கொண்டு திரும்பியது. மறுபடி போனது. மறுபடி முட்டியது. குளிர் தண்ணீருக்குப் பயந்த நாட்களையும், வலது பக்கமாகச் சாய்த்த தேநீரையும், பாத்திரம் கழுவும் சாக்கில் அடக்கிய பதிலையும் நினைத்து, "லூசு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டும்போதுகூட உடம்பு லேசாக இருந்தது.

கவுன்டருக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"யாருங்க பேசுறது?" என்றார் அவர், எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து.

அக்கா குழறியதில் ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை. பல் என்பது மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

"பாத்துட்டியா? பாத்தாச்சா? பிடுங்கலையே?" அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்பாடா. நீ சொல்றது ஒண்ணும் புரியல. ஆனா இவ்வளவு நாள்ல இப்பதான் நிம்மதியா இருக்கு. வை, வந்து பேசறேன். ராத்திரி ரெண்டு பக்கமும் மென்னு காட்டணும், சொல்லிட்டேன்."

போனை வைத்தபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சந்திப்பில் நின்று வண்டிகளை நிறுத்தும் போக்குவரத்துப் போலீஸ்காரம்மா. சீருடையில் தூசி, கன்னம் வீங்கியிருந்தது. லாரியைக் கை காட்டி நிறுத்துகிற அந்தக் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"டாக்டர் பிசியா இருந்தா நான் நாளைக்கு வரேங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அக்கா வாயைத் திறந்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"அதுக்கில்லைங்க" என்றார் போலீஸ்காரம்மா, பார்வை தடுப்புக்கு மேலே இருக்க. "வெயில்ல எவ்வளவு நேரம் வேணாலும் நிப்பேன். இதுதான் நம்மால ஆகாது. வரேங்க."

அவர் வெளியே இருந்த காலைத் திருப்புவதற்குள் அக்கா கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கதவு நிலையிலிருந்து அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். அதன் ஆள்காட்டி விரலைத் தன் மரத்துப்போன இடது கன்னத்தில் வைத்து, நகம் பதியும் அளவுக்கு அழுத்தி, கொஞ்சமும் முகம் சுளிக்காமல் போலீஸ்காரம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.